தொட்டாப் பேசோணும்

எங்கள் அலுவலகச் சுவிட்சுப் பலகையில் எட்டு சுவிட்சுகள் இருந்தன. ஏழுக்கு வேலை இருந்தது. எட்டாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது. அங்கே சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் நான் கேட்டதில்லை. படம் வரைகிற வேலைக்கு வந்த அக்கா, சேர்ந்த மூன்றாம் நாள் அதை அணைத்தார். குழல்விளக்கு, மின்விசிறி, கணினி என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு மறுபடி போட்டார். அதன்பிறகு தினமும் காலையில் கைப்பையை வைத்ததும் முதல் வேலை அதுதான். இரண்டு வாரம் கழித்து, கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரர் படியேறி வந்தார்.

"ஏனுங்க, தெனமும் காத்தால பத்து மணிக்கு எங்க ஃபேன் நின்னு நின்னு ஓடுதுங்க. கரண்டு ஆபீசுக்கு ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டனுங்க. உங்களுக்கும் அப்படி ஆகுதுங்களா?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப அது உங்க ஃபேனுங்களா! பாருங்க, நானும் கேட்டுட்டே இருக்கறேன், இன்னைக்குத்தான் வாயைத் தொறந்து சொல்லுது."

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். இந்த அம்மா நல்லாத்தான் இருக்கிறதா என்று அந்தப் பார்வை கேட்டது.

அக்காவை நினைக்கும்போது இந்தச் சுவிட்சுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எந்தப் பொருளும் அவரிடம் சும்மா இருக்க முடியாது. டீக்கடைக் கல்லாவின் அடிப்பலகை, பேருந்து இருக்கைக்குக் கீழே தொங்கும் கம்பி, என் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் இருக்கும் நசுங்கல் எல்லாவற்றையும் தொட்டுத் தடவிப் பார்ப்பார். "நீ எதுக்கு இருக்கறே?" என்று கேட்பார். நாற்காலியை நகர்த்துவதற்கு முன் அதனிடம், "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். வேடிக்கைக்காக அல்ல. பழக்கம்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கோவை கணபதியில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் நாலே பேர் உட்கார்ந்து ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். சுடுவது, ஓடுவது, நேரம் முடிந்து சாவது எதுவும் அதில் இல்லை. கையால் வரைந்த ஓர் அறையின் படம் திரையில் வரும். எங்கே வேண்டுமானாலும் விரலால் தொடலாம். ஜன்னலைத் தொட்டால் ஜன்னல் பற்றி ஒரு வரி வரும். சில பொருள்களை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்தில் பொருத்தினால் ஒரு கதவு திறக்கும், கதை ஓரடி நகரும். அவ்வளவுதான். அக்கா காகிதத்தில் மைப்பேனாவால் வரைந்து நீர்வண்ணம் தீட்டுவார். இங்கே வருவதற்கு முன்பு திருப்பூரில் பனியன்களுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தவர். ஓர் அறைக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொள்வார். கம்பெனி நடத்திய அண்ணன் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"ஏனுங் மேடம், பின்னாடி இருக்கற செவுத்துக்கு எதுக்குங்க இத்தனை வெடிப்பு? யாரு பாக்கப் போறாங்க?"

"தொடறவன் பாப்பானுங்க. வரைஞ்சு போட்டா அது பேசோணும். தொட்டாப் பேசாதுன்னா அதை எதுக்குங்க வரையறது?"

இதுதான் அவருடைய சட்டம். படத்தில் என்ன இருந்தாலும் அதற்கு ஒரு பதில் இருந்தாக வேண்டும். மூலையில் ஒரு சிலந்திவலை வரைந்திருந்தார். அதற்கே மூன்று பதில்கள். முதல்முறை தொட்டால், "சிலந்திவலை." இரண்டாம் முறை, "இன்னும் சிலந்திவலைதான்." மூன்றாம் முறை, "திரும்பத் திரும்பத் தொடறீங்களே, எனக்கு வேலை இருக்குதுங்க." விளையாடிப் பார்த்த எல்லோரும் அந்த இடத்தில் சிரித்தார்கள். பிறகு எல்லாவற்றையும் மூன்று முறை தொட ஆரம்பித்தார்கள்.

படத்தில் ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் கோடு போட்டு, அதற்கான பதிலைத் தட்டச்சு செய்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கல்லூரிக் கணினி அறையில்கூட முதல் வருடம் விசைப்பலகையை ஒரு விரலால்தான் அழுத்துவேன். தொடாதே, தள்ளி நில், கேட்டுவிட்டு எடு என்று கேட்டு வளர்ந்த கை. அந்தக் கைக்கு இந்த விளையாட்டு முதலில் பயத்தைக் கொடுத்தது. பிறகு விட முடியாமல் ஆயிற்று. யாருடைய வீட்டிலோ நுழைகிறேன், யாருடைய அலமாரியையோ திறக்கிறேன், ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. பூட்டிய பெட்டிகூட, "சாவி வேண்டும்" என்று மரியாதையாகச் சொல்கிறது. யார் நீ என்று கேட்பதில்லை.

அக்காவும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில், "எந்தூருங்க?" என்று ஆரம்பித்தால், "யாரு ஊடுங்க?" என்பதுவரை போகாமல் நிற்க மாட்டார்கள். நான் அதற்கென்று பதில்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பேன். கருமத்தம்பட்டி, அப்பா தறி வேலை என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அக்கா என் டப்பா மூடியின் நசுங்கலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அது அவருடைய பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டின் இரண்டாம் பகுதி ஒரு தோட்டத்து வீட்டில் நடக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். காணாமல் போன தன் தங்கை எங்கே போனாள் என்று அங்கிருக்கும் பொருள்களை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆனைமலைப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து பார்த்து வரைந்துகொண்டு வந்தார். சமையலறை, கிணற்று மோட்டார் அறை, மாடு கட்டும் கட்டுத்தரை. கட்டுத்தரைப் படத்தைப் பிரித்து வைத்ததும் எங்கள் எல்லோருக்கும் வாய் பிளந்தது. மாட்டின் மூக்கணாங்கயிறு ஈரமாக இருப்பதுகூடத் தெரிந்தது.

நான் கோடு போட உட்கார்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஓலைக்கூரை தாழ்ந்து முடிகிற எரவானத்தில், ஓலைக்கு நடுவே ஓர் அலுமினிய டம்ளர் கவிழ்த்துச் செருகியிருந்தது. விளிம்பில் ஒரு நெளிசல். அதையும் விடாமல் வரைந்திருந்தார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். தோட்ட வேலைக்கு வரும் எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிப்பதற்கென்று தனியாக வைத்திருக்கும் டம்ளர். வீட்டுப் பாத்திரங்களோடு சேராது. குடித்தவர்களே கழுவி, கவிழ்த்து, இருந்த இடத்தில் செருகிவிட்டு வர வேண்டும். கருமத்தம்பட்டிக்கு வருவதற்கு முன் என் அம்மா ஆனைமலைப் பக்கத்துத் தோட்டங்களில் தேங்காய் பொறுக்கியவர். அக்கா வீட்டுத் தோட்டமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒன்று இருந்தது.

"அக்கா, இது என்னங்க?" என்று கேட்டேன்.

"டம்ளரு கண்ணு."

"அங்க எதுக்குங்க இருக்குது?"

"எப்பவும் அங்கதான் இருக்கும். நான் பொறந்ததுல இருந்து அங்கதான் இருக்குது."

சொல்லிவிட்டு வேறு தாளை எடுத்தார். எட்டாவது சுவிட்சை இரண்டு வாரம் விடாமல் கேட்டவர்.

பதில் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு சிக்கல் வந்தது. கதையில் கிணற்று மோட்டார் ஓட வேண்டும். அதற்குப் பம்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதால் பாத்திரம் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள். சமையலறையில் குடிதண்ணீர்ப் பானை மட்டும் வெளியே இருக்கிறது. எதில் மொள்வது என்று அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா மேசையைத் தட்டினார்.

"கட்டுத்தரையில ஒரு டம்ளர் இருக்குதுல்லீங்க! அதை எடுத்துட்டுப் போயி பானையில மொண்டுட்டு வரட்டும். யாரும் லேசுல நெனைக்க மாட்டாங்க."

"சூப்பருங் மேடம்," என்றார் அண்ணன்.

ஒவ்வொரு பொருளும் எந்தெந்த இடத்துக்குள் போகலாம் என்று ஒரு பட்டியல் எங்களிடம் உண்டு. டம்ளருக்கு நேரே 'சமையலறை' என்ற கட்டத்தில் நான் குறி போட்டேன். அந்த டம்ளர் சமையலறைக்குள் போய், குடிக்கிற பானைக்குள் இறங்கி, நிறைந்து வெளியே வரும். பரிசோதித்துப் பார்க்கிற சாக்கில் அன்றைக்கு அதையே முப்பது தடவை செய்தேன். அது யாருடைய டம்ளர் என்று அக்காவிடமும் அண்ணனிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், இதுதான் காரணம். சொன்னால் எடுத்துவிடுவார்கள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் கையால் அந்த டம்ளர் சமையலறைக்குள் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அந்த வருடம் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். நானும் அந்த ஆட்களில் ஒருவன் என்று தெரிந்தால் அலுவலகத்தில் என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்ற பயமும் கூடவே இருந்தது.

விளையாட்டில் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே இருந்தவன் சலீம், உக்கடத்துக்காரன். இரண்டு நாளில் என் மேசைக்கு வந்தான்.

"மாப்ள, டம்ளரத் தொட்டா ஊமையா இருக்கு. சிலந்திக்கு மூணு டயலாக், டம்ளருக்கு ஒண்ணுகூட இல்லையா?"

"எழுதறேன்டா."

"எழுது எழுது. இல்லேன்னா அக்கா உன்னையே கொண்டுபோய் கட்டுத்தரையில கட்டிரும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். பிழைப் பட்டியலில், 'டம்ளர் – பதில் இல்லை' என்று எழுதி வைத்தான். அந்த வரி ஒரு மாதம் அப்படியே கிடந்தது.

அந்த மாதத்தில் வெளியாட்கள் சிலருக்கு விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தோம். விசித்திரமாக ஒன்று நடந்தது. டவுன்காரர்கள் டம்ளரைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு போனார்கள். சலீமின் அத்தை ஒரு நிமிடத்தில் மோட்டாரை ஓட்டிவிட்டார். தோட்டம் தொரவு உள்ள வீடுகளிலிருந்து வந்தவர்கள் மட்டும் அங்கேயே நின்றார்கள். டம்ளரைத் தொடுவார்கள், விட்டுவிடுவார்கள். அலமாரியை உடைக்கப் பார்ப்பார்கள். கையாலேயே தண்ணீர் அள்ளப் பார்ப்பார்கள். டம்ளர் அவர்கள் கணக்கில் வரவே இல்லை. டம்ளர் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "இன்னும் கொஞ்சம் பளபளன்னு வரைங்க மேடம்," என்றார் அண்ணன். அக்காவும் அதன் மேல் ஒரு வெயில்கீற்றை விழவைத்தார். அப்போதும் எடுக்கவில்லை.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. விடை தெரியாத ஒன்றை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியாதே. ஊருக்குப் போனபோது டேப்லெட்டைக் கொண்டுபோய்த் தன் அம்மாவிடம் விளையாடக் கொடுத்தார். திரும்பி வந்த அன்று எந்தப் பொருளையும் தொட்டுப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மற்ற இரண்டு பேரும் வெளியே சாப்பிடப் போயிருந்தார்கள்.

"எங்கம்மா ரெண்டே நாள்ல பாதிக்கு மேல ஆடிப்போட்டாங்க கண்ணு," என்று ஆரம்பித்தார். "மோட்டார்ல வந்து நின்னுட்டாங்க. கட்டுத்தரையில டம்ளர் இருக்குதுல்லம்மாங்கறேன். இருக்குது, அதுக்கென்னங்கறாங்க. அதுலதான் பானையில மொள்ளோணும்னேன். டேப்லெட்டைத் தூக்கிக் கட்டல் மேல வெச்சுட்டாங்க. 'ஏன்டி, அந்த டம்ளரைக் கொண்டுபோயி குடிக்கற தண்ணியில உடறதா? இதைச் சொல்லிக்குடுக்கத்தான் படம் வரையறயா?'ன்னு கேக்கறாங்க. அப்புறந்தான் அது யாருக்குன்னு சொன்னாங்க."

சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"நாப்பத்திமூணு வருசமா பாத்துட்டு இருக்கறேன். ஒருநாள்கூடக் கேக்கல பாரு. எல்லாத்தையும் கேட்டேன், அதைக் கேக்கல."

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் இருந்தது.

"அதைப் படத்துல இருந்து எடுத்துரக் கூடாது கண்ணு," என்றார். "அப்படியே சமையக்கட்டுக்குள்ள போகட்டும். ஆனா அதுக்கு ஒரு பதில் எழுதோணும். மூணு பதில் எழுதோணும். அந்த டம்ளர் என்ன சொல்லும், சொல்லு பாக்கலாம்."

தெரியலீங்கக்கா என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"டம்ளர் என்னங்கக்கா சொல்லும்? அதுல குடிச்சவங்களைக் கேட்டா அவங்க சொல்லுவாங்க."

"அவங்களை எங்க போயித் தேடறது?"

"எங்கம்மா இருக்காங்க," என்றேன். "கருமத்தம்பட்டிதான். வாங்க, கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். ஏதோ ஒரு படத்தில் அதுவரை கவனிக்காத மூலையைப் பார்ப்பதுபோல. பிறகு டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு முறை அழுத்தினார்.

"ஞாயித்துக்கெழம வாரேன்," என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். ஆபீஸில் கூட வேலை செய்கிற அக்கா வருகிறார்கள், தோட்ட வேலை பற்றிக் கேட்பார்கள் என்று. எந்தப் பக்கம், யார் வீடு என்று அம்மா கேட்டார், சொன்னேன். தண்ணீர்க் குடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கடையில பாட்டில் தண்ணி ஒண்ணு வாங்கிட்டு வந்துரு சாமி," என்றார்.

"எதுக்கும்மா?"

"நம்மூட்டுத் தண்ணி குடிப்பாங்களோ என்னமோ. கேட்டுட்டு இல்லைன்னா சங்கடம். மூடி பிரிக்காத பாட்டில் இருந்தா அவங்களே தொறந்து குடிச்சுக்குவாங்க."

அந்த அக்கா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டுவிட்டு, போய் வாங்கியும் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தறிகள் ஓடாது. தெருவில் யார் செருப்புச் சத்தமும் வீட்டுக்குள் கேட்கும். பதினொரு மணிக்கு அம்மா வேறு சேலை கட்டிக்கொண்டார். ஒரு மணிக்கு அப்பா, "வருமா, வராதா?" என்றார். இரண்டு மணிக்கு, "நீங்க சாப்பிடுங்க, வந்தா நான் பாத்துக்கறேன்," என்று அம்மா எங்களுக்குச் சோறு போட்டார். நான்கு மணிக்கு நான் ஃபோன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

"வேலையா இருப்பாங்கம்மா."

"இருக்கட்டும். வந்தா மட்டும் என்ன கேக்கப் போறாங்க?"

"அந்த டம்ளரைப் பத்திம்மா."

"அதைப் பத்தி என்ன இருக்குது?" அம்மா பாட்டிலை எடுத்து அலமாரி மேல் வைத்தார். வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார். "மேல இருந்து ஊத்துவாங்க. சொம்பு டம்ளர்ல படக்கூடாதில்ல. பாதி கீழ போயிரும். இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேக்கறதுக்குத்தான் வாயே வராது. தேங்கா பொறுக்கறதெல்லாம் ஒரு கஷ்டமா? அதைக் கேக்கறதுதான்."

இத்தனை வருடத்தில் அம்மா இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அந்த வரியைச் சுமந்துகொண்டு போனேன். மூன்று பதில்களில் ஒன்றாவது கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு. அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். என் மேசையில் கட்டுத்தரைப் படம் புதிதாக இருந்தது. எரவானத்தில் டம்ளர் இல்லை. அந்த இடத்தில் ஓலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கீற்றும், கீற்றின் மேல் நரம்பும், நரம்பில் ஒட்டிய தூசியும் இருந்தன. அவர் வரைந்ததிலேயே அழகான இடம் அதுதான் என்று இன்றும் சொல்வேன். அங்கே ஒன்று இருந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மோட்டார் அறைப் படத்தில் ஒரு காலி பெயின்ட் டப்பா முளைத்திருந்தது.

"அது கதைக்கு ஒட்டலீங்க," என்றார் அக்கா, தன் தாளைப் பார்த்தபடியே. "டப்பாவுலயே தண்ணி ஊத்திக்கட்டும். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

நேற்று ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று இந்த நான்கு வருடமாக யோசிக்கிறேன். காய்ச்சல் என்று சொல்லியிருப்பார். அல்லது, உங்கம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை என்று சொல்லி அழுதிருப்பார். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கும்.

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "கூரைக்குப் பதில் எழுதியிருக்கறேன். கொஞ்சம் போட்டுடறீங்களா?"

என்னை அவர் நீங்க என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் அங்கே இருந்த கடைசி நாள்வரை அப்படியே சொன்னார். கண்ணு என்று கூப்பிடவே இல்லை.

சீட்டில் இருந்ததைப் படித்தேன். என்னிடமும் ஒரு வரி இருந்தது. விசைப்பலகையும் என் கையில்தான் இருந்தது. அந்த ஓலையைச் சுற்றிக் கோடு போட்டு, அம்மா சொன்னதை அடித்திருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். கோடு போட்டேன். பிறகு அவர் எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்து மாறாமல் அடித்தேன்.

மத்தியானம் சலீம் வந்து விரலை வைத்துப் பார்த்தான்.

'கூரை. போன மாசம்தான் மேஞ்சது. இங்க ஒண்ணும் இல்லீங்க.'

இன்னொருமுறை தொட்டான். மூன்றாம் முறையும் தொட்டான். அதே வரிதான் வந்தது. "பரவால்ல மாப்ள, இப்ப பேசுது," என்று சொல்லிவிட்டு, பிழைப் பட்டியலில் 'டம்ளர் – பதில் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டுப் போனான்.